'பாபி' (1973): வர்க்கக் கோடு எங்கே விழுகிறது?

கொட்டகைவாசி எழுதியது:

பணக்கார வீட்டுப் பையனும் மீனவர் வீட்டுப் பெண்ணும் காதலித்துப் பெற்றோரின் எதிர்ப்பைக் கடந்து சேர்ந்த கதை என்று, ராஜ் கபூர் இயக்கிய 'பாபி' என்ற இந்திப் படத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த வரியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தபோது, வர்க்கத்தைத் தாண்டிய அன்பு அதில் ராஜிடமிருந்தும் பாபியிடமிருந்தும் தொடங்கவில்லை என்றே தோன்றியது. அது தொடங்குவது ஆயாவிடம்.

துர்கா கோட்டே நடித்த திருமதி பிரகன்சாவைச் சொல்கிறேன். மகனோடு உட்கார்ந்து பேச நேரமில்லாத தகப்பனாராகப் பிராணும் தாயாராகச் சோனியா சாஹ்னியும் இருக்கும் வீட்டில், அந்தப் பையனுக்குத் தாய்மை என்ற ஒன்று கிடைத்ததென்றால் அது சம்பளம் வாங்கிக்கொண்டு அவனை வளர்த்த இந்தக் கோவா கிறிஸ்தவப் பெண்மணியிடமிருந்துதான். பையனை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வளர்ந்து திரும்பி வருகிறான். அவனுடைய பிறந்தநாள் விருந்துக்குப் பேத்தியை அழைத்துக்கொண்டு ஆயா வருகிறார். அந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவரான அவரால், செல்வந்தர்கள் கூடியிருக்கும் அந்தக் கூடத்தில் சிறிது நேரம்கூட இயல்பாக நிற்க முடியவில்லை. கூச்சத்தோடு அவசரமாகக் கிளம்பிவிடுகிறார். ஆயாவைத் தேடி ராஜ் அவருடைய வீட்டுக்குப் போகிறான். கதவைத் திறப்பவள் பாபி.

காதல் என்று நாம் சொல்லும் கதை அதன் பிறகுதான் நடக்கிறது. குழந்தைக்கு வேண்டிய பாசத்தைக் கூலிக்கு வாங்கிக்கொள்வதில் அந்த வீட்டாருக்கு எந்த மனத்தடையும் இருக்கவில்லை; அதே குழந்தை வளர்ந்து அந்தப் பாசத்தை உறவாகத் திருப்பிக் கொடுக்க விரும்பும்போதுதான், மகளின் அழகைக் காட்டிப் பணத்துக்கு வலை விரித்தார்கள் என்று ராஜின் தகப்பனார் நாத், பாபியின் தகப்பனார் ஜாக் பிரகன்சாவின் மீது பழி சுமத்துகிறார். படத்தின் காயம் இந்த இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வெண்திரை வாசகி எழுதியது:

ஐயா, ஆயாவைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் படம் அந்தக் காயத்தின் மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். என் கணிப்பில், 'பாபி'யில் வர்க்கம் என்பது காதலர்களைப் பிரிப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டதால் கொண்டுவந்து வைக்கப்பட்ட வேலி. அந்த வேலியின் மறுபக்கத்தில் வறுமை என்று ஒன்று இல்லவே இல்லை.

படம் உருவான சூழலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 1970இல் வெளிவந்த 'மேரா நாம் ஜோக்கர்' பல ஆண்டு உழைப்பையும் பெரும்பணத்தையும் விழுங்கித் தோல்வியடைந்ததால் ராஜ் கபூர் கடனில் மூழ்கியிருந்தார். அன்றைய உச்ச நட்சத்திரங்களை வைத்துப் படமெடுக்கும் நிலையில் அவர் இல்லை. சொந்த மகனையும் புதுமுகப் பெண்ணையும் வைத்து எடுத்தார். இளைஞர்களை அரங்குக்கு இழுக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. அமெரிக்காவின் ஆர்ச்சி சித்திரக் கதைகளின் பாதிப்பு இதில் உண்டு என்று சொல்லப்படுவதையும் நான் எளிதாக நம்புவேன், ஏனென்றால் இந்தப் பதின்பருவத்தினரின் உலகம் பம்பாய் மீனவர் குடியிருப்பைவிட அந்தச் சித்திரக் கதைகளின் உலகத்துக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது.

பாபியின் உடைகளைப் பாருங்கள். புள்ளி போட்ட சட்டையும் குட்டைப் பாவாடையும் மீனவர் மகளின் அலமாரியில் எப்படி வந்தன என்று படம் கவலைப்படுவதில்லை; நாடெங்கும் தையற்கடைகளில் அந்த உடைகள் 'பாபி' என்ற பெயரிலேயே கேட்கப்பட்டன. ராஜ் ஓட்டும் சிறிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஜாக் பிரகன்சாவோ குடித்து, பாடி, சிரித்து வாழ்கிற மனிதர். அவர் வீட்டில் நாளைய சோற்றைப் பற்றிய கவலை எந்தக் காட்சியிலும் எழவில்லை. பாபியாக நடித்த டிம்பிள் கபாடியாவே வசதியான தொழிலதிபர் குடும்பத்துப் பெண். ஆக, திரையில் நாம் காண்பது இரண்டு வகையான விருந்துகளைத்தான்: ஒன்றில் கோட்டும் மதுக்கிண்ணமும், மற்றொன்றில் கிதாரும் கடற்காற்றும். இதை வர்க்க முரண் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மூன்றாம்மணி எழுதியது:

வறுமை காட்டப்படவில்லை என்பது உண்மை. வர்க்கம் காட்டப்படவில்லை என்பது சரியாகாது. இரண்டும் வேறு வேறு. வறுமையைக் காட்ட ஓட்டைக் கூரையும் பசித்த முகமும் போதும். ஆனால் வர்க்கம் என்பது ஒருவர் மற்றவரோடு எந்த நிபந்தனையில் பேசலாம் என்ற விதி. நாத், ஜாக்கிடம் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மகளை விலக்கிக்கொள்ளச் சொல்லி அவர் பணம் நீட்டுகிறார். அந்த நேரத்தில் ஜாக்கின் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. விலை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று ஒருவர் இயல்பாக நம்புகிறார், அதைக் கேட்டு மற்றவர் கொதிக்கிறார். ஜாக்காக நடித்த பிரேம் நாத் அந்தக் கொதிப்பை உரத்த குரலில், கொஞ்சம் மிகையாகவே செய்திருக்கிறார். பிராண் குரலை உயர்த்தும் இடங்களைவிட உயர்த்தாத இடங்களில்தான் செல்வம் பேசுகிறது.

கதையின் பின்னால் குவாஜா அகமது அப்பாஸ் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. 1951இல் 'ஆவாரா'வையும் 1955இல் 'ஸ்ரீ 420'ஐயும் ராஜ் கபூருக்கு எழுதிக்கொடுத்த இடதுசாரி எழுத்தாளர் அவர். 'ஆவாரா'வில் நீதிபதி ஒருவர், திருடனின் மகன் திருடனாகவே வருவான் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையே அவருடைய சொந்த மகனைக் குற்றவாளிக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கே வர்க்கத்தைப் பற்றிய வழக்கு நீதிமன்றத்தில் வெளிப்படையாக நடக்கிறது. 22 ஆண்டுகள் கழித்து அதே எழுத்தாளர், வி.பி. சாத்தேயோடு சேர்ந்து 'பாபி'யை எழுதும்போது, நீதிமன்றம் போய் வரவேற்பறை வந்துவிட்டது. வாதம் சுருங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ராஜை ஒரு பெரும் பணக்காரரின் மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு நிச்சயிக்க நாத் முற்படும்போது, திருமணம் என்பது அந்த வீட்டில் தொழில் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்பதை அப்பாஸ் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். மகளை வைத்துப் பணம் பறிக்கப் பார்த்ததாக ஜாக்கின் மீது பழி போட்ட மனிதர், மகனை வைத்து அதையே செய்கிறார்.

நாகர் எழுதியது:

துர்கா கோட்டேயைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1960இல் கே. ஆசிஃப் இயக்கிய 'முகலே ஆசம்' படத்தில் இளவரசன் சலீமின் தாயாராக, பேரரசர் அக்பருக்கும் மகனுக்கும் நடுவில் நின்று தவித்தவர் அவர். நடனப் பெண்ணை மகன் மணந்துகொள்ளக் கூடாது என்ற அரண்மனைச் சட்டத்தின் பக்கத்தில் இருந்த தாய், 13 ஆண்டுகள் கழித்து அதே போன்ற வேறொரு வீட்டின் பின்வாசலுக்கு உரியவராக வருகிறார். அந்தப் படத்தில் அக்பராக நடித்த பிருத்விராஜ் கபூரின் பேரன்தான் இந்தப் படத்தின் நாயகன். ராஜ் கபூர் இதை எண்ணித்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாரா என்பது வேறு கேள்வி. இரண்டு படங்களையும் பார்த்த ரசிகருக்கு அந்த முகம் தன்னால் ஒரு பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

வெண்திரை வாசகி எழுதியது:

நாகர் ஐயா குடும்பத்தைத் தொட்டுவிட்டதால் நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் இயக்குநரின் மகன். கதாநாயகியின் தந்தையாக வரும் பிரேம் நாத் இயக்குநரின் மைத்துனர். கடைசிப் பகுதியில் சொந்தப் பெயரிலேயே வந்து, ஒரே ஒரு அறிமுக வசனத்தால் படத்தின் மற்றப் பேச்சுகளையெல்லாம் மறக்கடித்துவிட்ட பிரேம் சோப்ராவும், பிரேம் நாத்தின் தங்கையை மணந்த வகையில் அதே குடும்பம். பரம்பரைச் செல்வமும் பரம்பரைச் செல்வாக்கும் தவறு என்று சொல்லும் படத்தை ஒரு பரம்பரை எடுத்துத் தருகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, ரசித்துத்தான் சொல்கிறேன்.

தேன்கூடு எழுதியது:

கதவு திறக்கும் காட்சியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மணி அடிக்கிறது. பாபி சமையல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறக்கிறாள். கையெல்லாம் மாவு. நெற்றியில் விழும் முடியை அந்தக் கையாலேயே ஒதுக்குகிறாள், மாவு முடியில் ஒட்டிக்கொள்கிறது. அவளுக்கு அது தெரியவில்லை, அவன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ராஜ் கபூர் நடிகை நர்கிஸை முதன்முதலாகச் சந்தித்த நிகழ்ச்சியே இது என்பது பலரும் அறிந்த செய்தி. ஜத்தன்பாயைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது, பக்கோடா பொரித்துக்கொண்டிருந்த மகள் நர்கிஸ் கடலைமாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாராம்.

இதில் நம் விவாதத்துக்குத் தேவையான ஒரு செய்தி இருக்கிறது. உண்மை நிகழ்ச்சி நடந்தபோது நர்கிஸ் ஏற்கெனவே பெயர் பெற்ற கதாநாயகி. ராஜ் கபூர் இன்னும் ஒரு படம்கூட இயக்காத இளைஞர். கதவைத் திறந்தவர் உயரத்தில் இருந்தார், தட்டியவர் கீழே நின்றார். திரையில் அந்த உயரங்கள் இடம் மாறிவிட்டன. பணக்காரன் தட்டுகிறான், மீனவர் மகள் திறக்கிறாள். ஆனால் நடிப்பில் பழைய உறவே நீடிக்கிறது: வாயடைத்து, செய்வதறியாமல், சற்றே தாழ்ந்து நிற்பவன் ராஜ்தான். பாபி கேள்வி கேட்கிறாள். அவளுடைய இந்தத் தலைநிமிர்வுக்கு எழுத்தாளர் கற்பனை செய்த பாத்திரத்தைவிட இயக்குநரின் நினைவே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

வெண்திரை வாசகி அம்மா உடையைப் பற்றிச் சொன்னது சரிதான். இந்த ஒரு காட்சியில் மட்டும் உடை கண்ணில் படுவதில்லை. வேலை செய்த கை படுகிறது.

கரையோரத்தான் எழுதியது:

அனைவரும் வர்க்கத்தையே பேசுகிறீர்கள். ராஜ் இந்து, பாபி கிறிஸ்தவப் பெண். இது ஏன் படத்தில் ஒரு தடையாகவே எழவில்லை? எனக்கு இது நேர்மைக் குறைவாகவே படுகிறது.

மூன்றாம்மணி எழுதியது:

நல்ல கேள்வி. மதம் படத்தில் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. நரேந்திர சஞ்சல் பாடும் பாடல் ஒன்று, பஞ்சாபி சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவின் வாக்கைத் தழுவி, கோயிலையும் மசூதியையும் வேண்டுமானால் இடித்துக்கொள், அன்பு குடியிருக்கும் நெஞ்சை மட்டும் உடைக்காதே என்ற கருத்தில் அமைந்திருக்கிறது. அந்தப் பாடலுக்காக அவருக்குப் பிலிம்பேர் விருதும் கிடைத்தது. ஆனால் மதத்தைப் பற்றிய பேச்சு பாட்டோடு நின்றுவிடுகிறது. கதைக்குள் எந்தப் பாத்திரமும், அவள் வேறு மதம் என்பதால் கூடாது என்று உரக்கச் சொல்லி வாதாடுவதில்லை.

இது நழுவல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மதத்தைத் தடையாக வைத்தால், கடைசியில் யாராவது ஒருவர் மாற வேண்டும். எந்தப் பக்கம் மாறினாலும் அரங்கில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். பணத்தைத் தடையாக வைத்தால், பணக்காரர் மனம் திருந்தினால் போதும். அதற்கு எல்லாரும் கைதட்டுவார்கள், மாடத்தில் உட்கார்ந்திருக்கும் பணக்காரர்கள் உட்பட.

கொட்டகைவாசி எழுதியது:

மூன்றாம்மணி ஐயா சொன்ன அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் முடிவுக் காட்சியைப் பேச வேண்டும்.

வீட்டை விட்டு ஓடிய மகனைக் கண்டுபிடித்துத் தருபவர்களுக்கு வெகுமதி என்று நாத் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறார். அந்தப் பணத்துக்காகத்தான் பிரேம் சோப்ராவின் கும்பல் காதலர்களைப் பிடிக்கிறது. தந்தையரும் காவல்துறையும் வந்து சேரும்போது, இருவரும் அருவியில் குதிக்கிறார்கள். தந்தையர் இருவரும் தண்ணீரில் பாய்கிறார்கள். ஜாக்கின் கைக்கு ராஜ் கிடைக்கிறான், நாத்தின் கைக்குப் பாபி கிடைக்கிறாள். பிறகு சமாதானம்.

பிள்ளைகளை மாற்றிக் காப்பாற்றும் அந்த யோசனை மிக அழகானது. இந்தி சினிமாவில் வர்க்க சமரசத்துக்கு இவ்வளவு எளிய உருவத்தை வேறு யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. என் குறை வேறு. தண்ணீரில் இறங்கியதும் பணக்காரரும் மீனவரும் சமமாகிவிடுகிறார்கள், சரி. ஆனால் அவர்கள் சமமாவதற்கு ஒரு சாவின் விளிம்பு தேவைப்படுகிறது. நாத்தின் மனமாற்றத்துக்குப் பின்னால் சிந்தனை எதுவும் இல்லை, பயம்தான் இருக்கிறது. மகன் பிழைத்துக்கொண்ட மறுநாள், அவருடைய வரவேற்பறையில் ஜாக்கும் ஆயாவும் எந்த நாற்காலியில் உட்காருவார்கள் என்பதைப் படம் காட்டுவதில்லை. ஆயா அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவே கருதப்படவில்லை. உடன்பாடு ஆண்கள் இருவருக்கும் இடையில் முடிந்துபோகிறது.

தேன்கூடு எழுதியது:

அடுத்த நாளைக் காட்டியிருந்தால் அது வேறு படமாகியிருக்கும், ஐயா. காதல் படங்களில் அப்படி ஒரு நாள் வருவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க 1989இல் வந்த 'மைனே பியார் கியா' உதவும். அங்கேயும் தந்தையருக்கு இடையில் மகளை வைத்து வலை விரித்தாய் என்ற அதே பழிச்சொல், அதே அவமானம். ஆனால் அங்கே பெண்ணின் தகப்பனார் நிபந்தனை போடுகிறார்: தகப்பன் பணத்தைத் தொடாமல், சொந்த உழைப்பில் ஒரு மாதத்தில் 2,000 ரூபாய் சம்பாதித்துக் காட்டு என்கிறார். பணக்காரப் பையன் கல்லுடைக்கும் இடத்தில் போய் வேலை செய்கிறான். அந்த நிபந்தனையில் ஏழைத் தந்தைக்கு ஓர் உயர்வு கிடைக்கிறது. பணக்காரர் பயந்து திருந்தும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், 2,000 ரூபாயைச் சம்பாதித்த கையோடு பையன் பழையபடி பணக்காரனாகிவிடுகிறான், கல்லுடைக்கும் மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 'பாபி'யில் ராஜ் எந்த வேலையும் செய்வதில்லை. கவிதை எழுதுகிறான். இரண்டில் எது நேர்மை என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

நாகர் எழுதியது:

படத்தின் செல்வாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975இல் சோவியத் ஒன்றியத்தில் வெளியானபோது 6 கோடிக்கும் அதிகமான நுழைவுச்சீட்டுகள் விற்றன. வர்க்கம் ஒழிந்துவிட்டதாக அறிவித்துக்கொண்ட நாட்டில் வர்க்கத்தால் தடைப்பட்ட காதலைப் பார்க்க அத்தனை கூட்டம் கூடியிருக்கிறது.

அதைவிடச் சுவையானது 1977 பிப்ரவரியில் தில்லியில் நடந்தது. நெருக்கடி நிலைக்குப் பின் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த நேரம். காங்கிரஸிலிருந்து வெளியேறிய ஜகஜீவன் ராம் கலந்துகொள்ளும் எதிர்க்கட்சிக் கூட்டம் ராம்லீலா மைதானத்தில் நடக்கவிருந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தூர்தர்ஷனில் 'பாபி' ஒளிபரப்பானது. மக்களை வீட்டிலேயே கட்டிப்போடத்தான் அந்தப் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று அப்போதே பேசினார்கள். கூட்டமோ நிரம்பி வழிந்தது. பாபியைப் பாபு (ஜகஜீவன் ராம்) வென்றார் என்று மறுநாள் செய்தித்தாளில் தலைப்பு வந்தது. சாதியின் அடித்தட்டிலிருந்து எழுந்து வந்த தலைவர் ஒருவரின் பேச்சைக் கேட்கவிடாமல் மக்களைத் தடுக்க, ஏழைப் பெண்ணுக்காக மனமிளகும் படம் ஒன்று பயன்படுத்தப்பட்டிருக்கிறது. வெண்திரை வாசகி அம்மாவின் வேலி வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

வெண்திரை வாசகி எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் அந்தச் சான்றை நான் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறேன். ஒளிபரப்பியவர்களின் நோக்கத்துக்குப் படம் பொறுப்பாகாது.

எனக்கு உறுத்துவது படத்துக்குள்ளேயே இருக்கும் வேறொன்று. ராஜுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக ஃபரீதா ஜலால் நடித்த அல்காவைப் பற்றி மூன்றாம்மணி ஐயா ஒரு வரியில் கடந்து போனார். பிள்ளைகளைப் பேரப்பொருளாக்கும் செல்வந்தர்களைக் கண்டிக்கிற படம் இது. அப்படிப் பேரத்தில் வைக்கப்படுகிறவர்களில் மிகவும் கதியற்றவள் அந்தப் பெண்தான்; மறுக்கவும் ஓடவும் அவளால் இயலாது. அவள் வரும் காட்சிகளைப் படம் எதற்குப் பயன்படுத்துகிறது? சிரிப்பூட்டுவதற்கு. அவளுடைய பேச்சையும் நடையையும் பார்த்து அரங்கம் சிரிக்க வேண்டும், இவளையா கட்டிக்கொள்வது என்று ராஜுக்காக இரங்க வேண்டும் என்பதே இயக்குநரின் ஏற்பாடு.

மூன்றாம்மணி எழுதியது:

அன்றைய படங்களின் நகைச்சுவை வழக்கம் அப்படித்தான் இருந்தது, அம்மா. ஃபரீதா ஜலால் அந்தப் பாத்திரத்துக்குத் தம்மால் முடிந்த அளவு ஒரு குழந்தைத்தனமான இனிமையைக் கொடுத்திருக்கிறார்.

வெண்திரை வாசகி எழுதியது:

நடிகையைக் குறை கூறவில்லை. வழக்கம் என்று சொல்லிவிட்டால் நாத் செய்ததும் வழக்கம்தானே? அவர் வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் சம்பந்தம் பேசினார்கள். ராஜ் வீட்டை விட்டு ஓடிய பிறகு அல்காவின் கதி என்னவென்று கேட்க அப்பாஸுக்கும் தோன்றவில்லை, ராஜ் கபூருக்கும் தோன்றவில்லை. நிச்சயம் முறிந்தால் அவளுடைய தகப்பனார் வேறொரு வீட்டோடு வேறொரு ஒப்பந்தம் பேசியிருப்பார். கொட்டகைவாசி ஐயா ஆயாவின் பக்கம் நின்று படத்தைப் பார்க்கச் சொன்னார். இந்தப் பெண்ணின் பக்கம் நின்றும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள், அதன் பிறகு பேசுவோம்.